கொடிஞ்சியும் டிக்கியும்

சங்கப் பாடல்களில் தேர் வரும் இடங்களில் கொடிஞ்சி என்றொரு சொல்லைக் காணலாம். தேர்த்தட்டின் முன்புறத்தில் தாமரை வடிவில் செய்து நட்டிருக்கும் உறுப்பு அது. தேரில் இருப்பவர் கையால் பற்றிக்கொள்வதும் அதைத்தான். வகுப்பில் இச்சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது மாணவர்கள் கேட்பதுண்டு: அது அலங்காரமா, கைப்பிடியா? இரண்டும்தான் என்பதே விடை. பற்றிக்கொள்ள ஒரு கட்டை போதும். அந்தக் கட்டையைத் தாமரையாகச் செதுக்கிய தச்சன் அதன் பயனில் எதையும் குறைத்துவிடவில்லை. பற்றும் கைக்கு ஒரு மதிப்பைக் கூட்டிக் கொடுத்தான்.

இக்கட்டுரை தேரைப் பற்றியதன்று. பெற்றோர், பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் பாட்டி ஆகிய அனைவரையும் ஏற்றிக்கொண்டு, பின்னால் பெட்டி படுக்கைகளையும் வைத்துக்கொண்டு போவதற்காக நடுத்தரக் குடும்பம் வாங்கும் செடான் காரைப் பற்றியது. முன்னால் எஞ்சினுக்கு ஒரு பெட்டி, நடுவில் மனிதர்களுக்கு ஒரு பெட்டி, பின்னால் சாமான்களுக்கு ஒரு பெட்டி என்று மூன்று பெட்டிகளைச் சேர்த்து வைத்தாற்போன்ற வடிவம். மூன்றாவது பெட்டிக்கு நம் வழக்கில் டிக்கி என்று பெயர். இந்தக் காரை வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே காரணங்களைத்தான் சொல்வார்கள்: இடவசதி, மைலேஜ், பராமரிப்புச் செலவு, மறுவிற்பனை மதிப்பு. பார்க்க நன்றாக இருந்தது, அதனால் வாங்கினேன் என்று சொல்பவர் அரிது. ஆனால் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் எந்தக் குடும்பக் கார் நிலைத்தது, எது வீழ்ந்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், சொல்லப்படாத அந்தக் காரணம் பல இடங்களில் முன்னால் வந்து நிற்கிறது.

கார் வருவதற்கு முன்பும் இது இப்படித்தான் இருந்தது. பார வண்டி வேறு, வில்வண்டி வேறு. வசதியுள்ள வீடுகளில் பெண்டு பிள்ளைகள் பயணம் போவதற்கென்று இருந்த வில்வண்டிக்கு வளைந்த கூண்டும், குலுங்காதிருக்க இரும்பு வில்லும், உள்ளே மெத்தையும் உண்டு. இவை வசதிகள். மாட்டின் கழுத்தில் சலங்கையும் கொம்பில் பித்தளைக் குப்பியும் எதற்கு? அவை வண்டிக்குள் இருப்பவர்களுக்காக அல்ல, தெருவில் நிற்பவர்களுக்காக. குடும்ப வாகனத்தின் உட்புறம் குடும்பத்துக்கு உரியது. அதன் வெளிப்புறம் ஊருக்குக் காட்டும் முகம். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

வெளிநாட்டிலும் இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றார்கள். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் ‘டி’ மாடல் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி கார்களாகச் சாலைக்கு வந்தது. இடையில் பல ஆண்டுகள் கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. உறுதியானது, மலிவானது, பழுது பார்க்க எளிதானது. ஆனாலும் 1920களில் அதைவிட விலை கூடுதலான, பார்வைக்கு நேர்த்தியான செவ்ரோலேயை நோக்கி மக்கள் நகர்ந்தார்கள். ‘டி’ மாடல் நின்ற அதே 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹார்லி ஏர்ல் என்பவரின் தலைமையில் கலைக்கும் வண்ணத்துக்கும் என்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. காரின் தோற்றத்தைத் திட்டமிடுவது ஒரு தொழிலாக வேரூன்றியது அங்கேதான்.

இந்தியாவில் இந்தப் போட்டிக்கு இடமே இல்லாமல் போனது. உள்நாட்டில் படிப்படியாக முழுக் காரையும் செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்று அரசு 1953-இல் முடிவெடுத்தது. இறக்குமதிப் பாகங்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. எஞ்சியவை முக்கியமாக மூன்று. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். அடுத்த முப்பதாண்டுகள் தமிழ்க் குடும்பங்கள் கண்ட கார்களில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளே.

அம்பாசிடர் 1957-இல் வந்தது. அது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவம். தாய்நாட்டில் அந்த வடிவம் 1959-லேயே கைவிடப்பட்டது. இங்கே 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை நிற்கும்வரை தொடர்ந்தது. இடையில் மாறியது பெரும்பாலும் முன்புறக் கம்பி வலையும் விளக்குகளும் உட்புறச் சில்லறை மாற்றங்களுமே. உருண்ட கூரை, உயர்ந்த இருக்கை, அகன்ற பின்புறம் என்று அது முழுக்க முழுக்கப் பயன்பாட்டு வடிவம்தான். இருந்தும் அதற்கு ஒரு கம்பீரம் வந்து சேர்ந்தது. வெள்ளை நிறமும் சிவப்பு விளக்குமாக அமைச்சர்களும் மாவட்ட ஆட்சியர்களும் அதில் வந்து இறங்கியதால் வந்த கம்பீரம் அது. பிரிட்டனில் ஒரு சாதாரண நடுத்தர வர்க்கக் காராக இருந்த வடிவம் இங்கே அதிகாரத்தின் வடிவமாயிற்று. ஒரு வடிவத்தின் பொருள் அதன் கோடுகளில் மட்டும் இல்லை, அதிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. இதே விதி பிற்காலத்தில் எதிர்த்திசையில் வேலை செய்ததைப் பின்னர் பார்ப்போம்.

பம்பாயின் ஃபியட் 1100 டிலைட் 1964-இல் வந்து, 1974 முதல் பிரீமியர் பத்மினி என்ற பெயரில் ஓடியது. பின்புற இறக்கைகளில் சிறு கூர்மை, மெலிந்த உடல், அம்பாசிடரின் தொந்தி இல்லாத சுருக்கம். அம்பாசிடர் அரசாங்கத்தின் கார் என்றால் ஃபியட் வீட்டின் கார் என்ற பாகுபாடு உருவானதற்கு வடிவத்தைவிடத் தெளிவான வேறு காரணம் கிடையாது. பின்னர் அதே கார் பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சியாகி, 2023 அக்டோபர் இறுதியில் அந்த வேடத்திலிருந்தும் விடைபெற்றது.

மூன்றாவது பிள்ளை நம்முடையது. சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதை வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. மூன்றில் தோற்றத்தால் மட்டுமே பேசப்பட்ட கார் இதுதான் எனலாம். நேரான கோடுகள், மெல்லிய கூரைத் தூண்கள், பெரிய கண்ணாடிகள், முன்பக்கச் சக்கர மூடிகளோடு சேர்ந்து ஒரே பாகமாக முன்னோக்கித் திறக்கும் பானெட். ஆனால் ஆரம்பத்தில் அதற்கு இரண்டே கதவுகள். பின்னிருக்கைக்குப் போக முன்னிருக்கையை மடக்கி உள்ளே நுழைய வேண்டும். சேலை கட்டிய பாட்டியை அப்படி ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இத்தாலியக் கோடுகளின் அழகு சற்று மங்கித்தான் தெரிந்திருக்கும். நிறுவனம் இதை உணர்ந்து, 1960களின் இறுதியில் பிரிட்டனிலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டை இங்கு உருவாக்கியது. அழகைக் கைவிடாமல் அதில் ஒரு கைப்பிடி செய்து சேர்த்த முயற்சி இது. கொடிஞ்சியின் இலக்கணத்துக்கு நம் ஊர்த் தொழிற்சாலை தந்த எடுத்துக்காட்டு என்று சொல்லத் தோன்றுகிறது.

அதே நிறுவனம் இலக்கணத்தை மீறியபோது என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற கார் வந்தது. 1977-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் என்று தேர்வான ரோவர் எஸ்டி1-இன் உடல் அது. நீண்டு தாழ்ந்த முகம், பின்னோக்கிச் சரியும் கூரை. அந்நாளில் இந்தியச் சாலையில் அதற்கு இணையான தோற்றம் வேறெதற்கும் இல்லை. ஆனால் அந்த உடலுக்குள் வைக்கப்பட்டது பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டின் வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சின். மூன்றரை லிட்டர் எஞ்சினையும் சுமப்பதற்காக வரையப்பட்ட வடிவத்தை, 1940களில் வேர்கொண்ட எஞ்சின் இழுக்க வேண்டியிருந்தது. மேட்டுப் பள்ளச் சாலைகளுக்காக உடலையும் உயர்த்தியதில் தாழ்ந்து நிற்கும் அழகும் போயிற்று. 1988-இல் உற்பத்தி நின்றது. அதோடு நிறுவனத்தின் கார் வரலாறும் முடிந்தது.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கொண்டுவந்த கான்டெஸாவும் இதே வகைதான். வாக்ஸ்ஹால் விக்டரின் அகன்ற, ஆடம்பரமான உடலுக்குள் அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின். பிற்பாடு இசுஸு எஞ்சின் பொருத்திய பிறகே அந்த உடலுக்கு ஏற்ற உயிர் வந்தது. தாமரை இருந்தது, பற்றினால் பிடிகொடுக்கவில்லை என்பது இவ்விரண்டு கார்களின் கதை.

1993-இல் கார்த் தொழிலுக்கு உரிமம் பெறும் கட்டாயம் நீங்கியது. அதற்கு முன்பே 1990-இல் மாருதி 1000 வந்து, அடுத்து 1994-இல் அது எஸ்டீமாக வளர்ந்தது. பின்னர் சீலோ, ஆஸ்ட்ரா, ஹோண்டா சிட்டி என்று வரிசை கட்டின. தமிழ்நாட்டின் முகமும் மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், மறைமலைநகரில் ஃபோர்டு. 1999-இல் ஒன்றிலிருந்து அக்சென்டும் மற்றொன்றிலிருந்து ஐகானும் வெளிவந்தன.

எங்கள் திருவாலங்காட்டுப் பக்கமும் ஒரு கார் பிறந்தது. திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இரயில் தடத்தில் எங்களுக்கு முன்னால் வருவது கடம்பத்தூர். அந்த வட்டாரத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அமைத்த ஆலையிலிருந்து 1998-இல் மிட்சுபிஷி லான்சர் வெளிவரத் தொடங்கியது. உத்தர்பாராவில் 1950களின் உருண்டை வடிவத்தைச் செய்துகொண்டிருந்த அதே நிறுவனம், இங்கே ஜப்பானியச் சமகால வடிவத்தைச் செய்தது. லான்சரின் அழகு கூச்சலிடாத அழகு. தாழ்ந்த முகப்பு, அளவான டிக்கி, மூன்று பெட்டிகளுக்கும் இடையே இடறாத கோடு. அதே தலைமுறை உடலின் மேல் கட்டப்பட்ட எவல்யூஷன் கார்களில்தான் ஃபின்லாந்தின் டோமி மாக்கினன் 1997 முதல் 1999 வரை உலக ராலிப் பட்டங்களை வென்றுகொண்டிருந்தார். நம்மூர் லான்சரில் அந்த வேகம் கிடையாது. ஆனால் அந்த நிழல் அதன்மேல் விழுந்திருந்தது. அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் போய்வரும் காருக்குள் ஓட்டப்பந்தய வீரனின் சாயல் கொஞ்சம் இருக்கிறது என்று எண்ணுவதில் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. அது பொய் என்று ஒதுக்கிவிட முடியாத மகிழ்ச்சி.

இதற்கு நேர்எதிர்த் துருவத்தில் இரண்டு கார்களை வைக்கலாம். முதலாவது லோகன். ருமேனியாவின் டாசியா நிறுவனம் 2004-இல் 5,000 யூரோ விலை இலக்கோடு வடிவமைத்த கார் இது. செலவைக் குறைக்க வளைவு குறைந்த கண்ணாடிகள், இரு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த பக்கக் கண்ணாடிகள். பின்னிருக்கையில் மூவர் தாராளமாக உட்காரலாம். டிக்கி 510 லிட்டர். மகிந்திரா, ரெனோ கூட்டு நிறுவனம் 2007-இல் அதை இங்கே கொண்டுவந்தது. குடும்பக் கார் என்பதற்குப் பாடநூலில் இடம்பெறத் தக்க கார். ஆயினும் குடும்பங்கள் அதைப் பெரிதாக நாடவில்லை. கூட்டு பிரிந்து, 2011-இல் வெரிட்டோ என்று பெயர் மாறியும் நிலைமை மாறவில்லை.

இரண்டாவது, 2010 டிசம்பரில் வந்த டொயோட்டா எட்டியாஸ். இந்தியாவை மனத்தில் வைத்தே உருவாக்கியது. 595 லிட்டர் டிக்கி. எஞ்சின் உழைப்புக்கு இன்றுவரை நற்பெயர். ஆனால் தோற்றத்தில் எந்தக் கவர்ச்சிக்கும் முயலாத கார். ஐந்து மாதம் கழித்து, 2011 மே மாதம், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து புதிய வெர்னா வந்தது. அதன் உடல் முழுவதும் ஓடும் வளைகோடுகள். பின்னால் சரியும் கூரை. அந்தச் சரிவுக்கு விலையாகப் பின்னிருக்கையில் தலைக்கு மேலான இடம் குறைந்தது. விலை எட்டியாஸைவிட அதிகம். இரண்டும் ஒரே படித்தட்டுக் கார்கள் அல்ல என்பது உண்மைதான். எனினும் வெர்னாவை மக்கள் ஓடி வாங்கினார்கள். எட்டியாஸ் மெல்ல மெல்ல டாக்சி நிறுத்தங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மஞ்சள் எண்பலகையோடு அதிகம் தென்படத் தொடங்கிய பிறகு வெள்ளைப் பலகைக்காரர்கள் இன்னும் விலகினார்கள். அம்பாசிடருக்கு ஆட்சியர் கொடுத்த மதிப்பு உயர்ந்தது என்றும், எட்டியாஸுக்கு ஓட்டுநர் கொடுத்த மதிப்பு தாழ்ந்தது என்றும் நம் சமூகம் கணக்கிட்டது. இக்கணக்கில் நம்மிடம் ஊறிக்கிடக்கும் ஏற்றத்தாழ்வும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2012-இல் மாருதி புதிய டிசையரைக் கொண்டுவந்தபோது பழைய வடிவத்தை நிறுத்திவிடாமல், ‘டூர்’ என்ற பெயரில் டாக்சிக்காரர்களுக்கென்று ஒதுக்கியது. குடும்பத்துக்குப் புது முகம், வாடகைக்குப் பழைய முகம். தெருவின் மனத்தை நன்கு படித்த வியாபாரம் அது.

எளிமையான கார் நிராகரிக்கப்படும்போது, மக்களுக்குப் பகட்டுதான் வேண்டும், பயன் தெரியவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. திருவாலங்காட்டில் வாழ்பவனுக்கு இந்த இடத்தில் காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. கணவனின் பொருட்டுத் தாங்கியிருந்த அழகைக் கழித்துவிடும்படி வேண்டி, பேயுரு பெற்றவர் அவர். தலையால் நடந்து கயிலை சென்று, பின் இத்தலத்து இறைவனின் ஆடலைக் கண்டிருந்தவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. வெளித்தோற்றத்தைத் துறப்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தமிழில் இல்லை. ஆனால் அம்மையார் அதைக் கேட்டுப் பெற்றார். கேட்டுப் பெற்ற பேயுரு வேறு; விலையைக் குறைப்பதற்காகப் பிறர் நம் தலையில் கட்டும் எளிமை வேறு. ஐந்தாண்டுத் தவணையில் கார் வாங்கும் குடும்பம் துறவு பூணவில்லை. ஆயுளில் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை, அது ஊருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்போகும் பொருள் அது. திருத்தணி மலையில் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தும் அந்த நாளில் தன் கார் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று அக்குடும்பம் விரும்புவதில் இழிவு ஏதுமில்லை. சிக்கன வடிவமைப்பாளர்கள் பலமுறை கணக்கில் சேர்க்க மறந்தது இதைத்தான்.

இந்த விருப்பத்தை வரிச்சட்டம் எப்படி வளைத்தது என்பது வரலாற்றின் கடைசி அத்தியாயம். 2006 பிப்ரவரியில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டத்தில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைந்தது. சிறிய கார் என்பதற்கு இலக்கணம்: நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாதது, எஞ்சின், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்கும் டீசல் என்றால் 1500 சி.சி.க்கும் மிகாதது. மூன்று பெட்டிகளை நான்கு மீட்டருக்குள் அடக்குவது எளிதன்று. எஞ்சின் பெட்டியைக் குறைக்க முடியாது. மனிதர்களையும் குறைக்க முடியாது. ஆகவே கத்தி டிக்கியின் மேல்தான் விழும். 2008 தொடக்கத்தில் டாடா நிறுவனம் தன் இண்டிகோவின் வாலை வெட்டி, இண்டிகோ சிஎஸ் என்று கொண்டுவந்தது. 2008-இல் 4,160 மில்லிமீட்டராக வந்த டிசையர், 2012-இல் 3,995 ஆகச் சுருங்கியது. டிக்கி 440 லிட்டரிலிருந்து 316 ஆயிற்று. பக்கவாட்டில் பார்த்தால் பின்புறம் சட்டென்று முடிந்துவிடும் வடிவம். தோற்றம் குறைந்தது, பயனும் குறைந்தது.

இருந்தும் மக்கள் வாங்கினார்கள். டிக்கி இல்லாத ஸ்விஃப்ட்டைவிட அரை டிக்கி உள்ள டிசையரையே குடும்பங்கள் விரும்பின. சாமான் வைக்கும் இடம் என்பதோடு, முழுமையான கார் என்பதற்கு அடையாளமாகவும் டிக்கி நம் மனத்தில் பதிந்துவிட்டது. அமேஸ், எக்சென்ட், ஜெஸ்ட், ஆஸ்பயர் என்று நான்கு மீட்டர்ச் செடான்கள் வரிசையாக வந்ததற்குக் காரணம் இந்தப் பிடிவாதமே. 2017-இல் வந்த டிசையர், முதலிலிருந்தே செடானாகக் கருதி வரையப்பட்டது. கூரையைத் தாழ்த்தி, பின்புறத்தை ஒட்டுப்போட்டதுபோல் தெரியாமல் இறக்கி, அதே 3,995 மில்லிமீட்டருக்குள் டிக்கியை 378 லிட்டராகவும் உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டே, 2018-இல், இந்தியாவில் மிக அதிகம் விற்ற கார் அதுதான். தோற்றமும் பயனும் சேர்ந்து திரும்பியபோது வாடிக்கையாளரும் திரும்பினார் என்றே இதைப் படிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாற்றி அமைக்கப்பட்டு, சிறிய கார்களுக்கு 18, பெரியவற்றுக்கு 40 விழுக்காடு என்றானபோதும் அந்த நான்கு மீட்டர்க் கோடு அழிக்கப்படவில்லை.

இன்று செடானின் இடத்தை உயரமான எஸ்யூவி வகைகள் வேகமாகப் பிடித்துவருகின்றன. காட்டுக்கும் மேட்டுக்கும் போகாத குடும்பங்கள் காட்டு வாகனத்தின் தோற்றத்தை விரும்பி வாங்குகின்றன. வில்வண்டியின் சலங்கை வேறு உருவில் ஒலிக்கிறது, அவ்வளவே. கடம்பத்தூர் வட்டாரத்து ஆலையும் கைமாறியது. 2017-இல் பிரான்ஸின் பெஜோ குழுமம் பிர்லாக்களோடு கூட்டுச் சேர்ந்தது. அம்பாசிடர் என்ற பெயரையும் அதே ஆண்டில் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2021 முதல் அந்த ஆலையிலிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. 2024-இல் வந்த பசால்ட், எஸ்யூவியின் உயரமும் பின்னால் செடானைப் போல் சரிந்து இறங்கும் கூரையும் கொண்டது. லான்சர் வெளிவந்த இடத்திலிருந்து, மூன்றாவது பெட்டியை முழுதாக விட்டுவிட மனமில்லாத ஒரு வடிவம் வெளிவருகிறது.

அது நிலைக்குமா என்பதை வழக்கம்போல் இரண்டு கேள்விகள்தாம் முடிவு செய்யும். தெருவில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பாரா? பாட்டி சிரமமில்லாமல் ஏறி உட்கார முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு மட்டும் விடை சொன்ன கார்கள் நிலைக்கவில்லை என்பதையே இந்த எழுபதாண்டு வரலாறு காட்டுகிறது.